நடக்காத குற்றத்துக்கு விருது கொடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருடனைத் துரத்திப் பிடித்தவரின் பெயர் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். திருட்டே நடக்காதபடி வருடக்கணக்காகப் பாடுபட்டவரின் பெயர் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. குற்றத்தடுப்பு வேலை அப்படிப்பட்டது. அது சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அதனால்தான் நல்ல தன்னார்வலர்கள் பலர் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே மெல்ல ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அந்த வேலையைத் தேடிக் கண்டுபிடித்து, பெயர் சொல்லிப் பாராட்டி, அடுத்தவர்களும் அதேபோலச் செய்யும்படி பதிவு செய்து வைக்க விருது ஒரு நல்ல வழி. குடியிருப்போர் சங்கமோ, தன்னார்வக் குழுவோ, உள்ளாட்சி அமைப்போ, காவல்துறையோடு சேர்ந்து இயங்கும் பொதுமக்கள் குழுவோ, யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். பெரிய பணம் வேண்டாம், ஆனால் கவனம் நிறைய வேண்டும். தவறான காரணத்துக்குக் கொடுத்த விருது வீணாவதோடு நிற்காது. எதைச் செய்தால் பாராட்டு கிடைக்கும் என்று மற்றவர்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் அது சொல்லிவிடும்.

ஏற்கெனவே நடப்பதைப் பாருங்கள்

எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் குற்றம் மற்றும் வன்முறைத் தடுப்பு விருதுகள் 1992 முதல் வழங்கப்படுகின்றன. அங்கே காவல்துறை முன்னின்று நடத்திய திட்டங்கள் ஒரு பிரிவு, மக்கள் முன்னின்று நடத்தியவை இன்னொரு பிரிவு. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். சம்பளமும் வாகனமும் அதிகாரமும் உள்ள அமைப்பையும், வேலை முடிந்து வந்து மாலையில் கூடும் பத்துப் பேரையும் ஒரே தராசில் வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் பெயரிலான விருது 1993இல் தொடங்கியது. பிரச்சினையின் வேரைப் பார்த்துக் காவல் பணி செய்ய வேண்டும் என்று 1979இல் எழுதி, காவல்துறையின் சிந்தனையையே திருப்பிவிட்ட பேராசிரியர் அவர். பிரிட்டனில் இதே நோக்கத்தோடு 1999இல், குற்றவியல் அறிஞர் நிக் டில்லியின் பெயரில் டில்லி விருது வந்தது. ஐரோப்பியக் குற்றத்தடுப்பு விருது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதில் நடந்த வேலைகளை மட்டும் போட்டிக்கு அழைக்கிறது.

இந்தக் கருப்பொருள் முறையைச் சிறிய அமைப்புகளுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். 'பொதுவாகக் குற்றத்தடுப்பு' என்று அழைப்பு விட்டால், முதியவர்களைத் தொலைபேசி மோசடியிலிருந்து காத்த வேலையையும், சிறுவர்களை மாலை நேரத்தில் மைதானத்துக்கு அழைத்து வந்த வேலையையும் எதை வைத்து ஒப்பிடுவீர்கள்? இந்த வருடம் வீட்டுத் திருட்டு, அடுத்த வருடம் இணைய மோசடி என்று எடுத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. வருட முடிவில் அந்த ஒரு பிரச்சினைக்கான தீர்வுகளும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்.

எதற்கு விருது, எதற்கு இல்லை

முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

வீரச்செயலையும் தடுப்பு வேலையையும் ஒரே விருதில் சேர்க்காதீர்கள். கத்தியோடு வந்தவனை மடக்கிப் பிடித்தவர் பாராட்டுக்குரியவர்தான், மறுப்பில்லை. ஆனால் அவருக்கும் தடுப்பு வேலை செய்தவருக்கும் ஒரே விருது என்றால், ஒவ்வொரு முறையும் மேடை ஏறுவது வீரச்செயலாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் கதை இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 'நேருக்கு நேர் மோதினால் விருது' என்ற எண்ணம் பரவினால், அடுத்த தடவை ஒரு இளைஞர் ஆயுதம் வைத்திருப்பவரோடு மோதிக் காயம்படுவார். அல்லது கூட்டமாகச் சேர்ந்து சந்தேகப்பட்டவரை அடிக்கும் நிலை வரும். சட்டத்தைக் கையில் எடுத்த எந்தச் செயலும், அதன் முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பரிசீலிக்கப்படாது என்று விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எது தகுதி பெறும்? இருண்ட பாதைக்கு விளக்கு வரும்வரை அதிகாரிகளை விடாமல் தொடர்ந்தவர்கள், மோசடி அழைப்புகளை எப்படி அடையாளம் காண்பது என்று வீடுவீடாகப் போய் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு வேலை தேடிக் கொடுத்து மறுபடி தவறாத வழியை அமைத்தவர்கள், குடும்ப வன்முறையில் சிக்கியவர்கள் தயங்காமல் உதவி கேட்கும்படி ஓர் இடத்தை நடத்துபவர்கள். பள்ளியில் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்தும் பழக்கத்தைக் குறைத்த மாணவர் குழுவும் இதில் வரும். ரோந்து போவது மட்டுமே குற்றத்தடுப்பு என்ற எண்ணம் பலருக்கு இருப்பதால், அழைப்பில் இப்படி வகைவகையாக உதாரணம் கொடுத்தால்தான் 'இதுவும் கணக்கில் வருமா?' என்று தயங்குபவர்கள் முன்வருவார்கள்.

பிரிவுகள் மூன்றைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. தனிநபர், குழு, இளையோர் என்றிருந்தாலே போதும். பிரிவுகள் கூடினால் விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் ஒரு பரிசு என்றாகிவிடும், விருதின் மதிப்பு போய்விடும்.

அறிவிப்பை எப்போது விடுவது

விண்ணப்பம் வாங்குவதற்குக் குறைந்தது எட்டு வாரம் கொடுங்கள். தடுப்பு வேலை செய்பவர்கள் எழுதிப் பழகியவர்களாக இருக்க மாட்டார்கள், விவரங்களைச் சேர்க்க அவகாசம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை போட்டுவிட்டு உட்கார்ந்தால், அந்தக் குழுவில் இருப்பவர்களின் நண்பர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். பள்ளிகள், நூலகங்கள், வழிபாட்டு இடங்கள், மகளிர் குழுக்கள், விளையாட்டு மன்றங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஆள் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல பரிந்துரைகள் பெரும்பாலும் இப்படிப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்பதையும் அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுங்கள். விருதை எப்படி அறிவிக்கிறோம் என்பதே அதன் விளைவை மாற்றக்கூடும். அமெரிக்கப் பள்ளிகளில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. தவறாமல் பள்ளிக்கு வந்ததற்காக எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற மாணவர்கள், அதன் பிறகு சான்றிதழ் பெறாத ஒப்பீட்டுக் குழு மாணவர்களைவிடக் கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். 'நீ மற்றவர்களைவிட அதிகமாகவே செய்துவிட்டாய்' என்ற செய்தியாக அந்தச் சான்றிதழ் அவர்களுக்குப் பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்களில் சிலருக்குப் பணமில்லாத, பெயர் சொல்லிப் பாராட்டும் எளிய விருது ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த மாதமும் தொடர்ந்து பங்களித்தவர்களின் எண்ணிக்கை, விருது பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 20 சதவீதம் கூடியது. 2017இல் வெளிவந்த ஆய்வு இது. உங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்கு ஒரு சிறிய அங்கீகாரம் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்களானால், தயங்காமல் வையுங்கள். மூத்தவர்களை மட்டும் பாராட்டிக்கொண்டிருந்தால் புதியவர்கள் நிலைக்க மாட்டார்கள். ஆனால் பாராட்டு வாசகத்தில் 'எல்லோரையும் மிஞ்சிவிட்டார்' என்பது போன்ற ஒப்பீட்டை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன மாறியது என்று மட்டும் எழுதுங்கள்.

பரிந்துரைப் படிவம்: நான்கே கேள்விகள்

படிவத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 'இவரது சேவையை விவரிக்கவும்' என்று ஒரு பெரிய கட்டம் வைத்தால், 'தன்னலமற்றவர், இரவு பகல் பாராமல் உழைப்பவர்' என்று பக்கம் பக்கமாக வரும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கோல்ட்ஸ்டீன், டில்லி விருதுகளில் பின்பற்றப்படும் நான்கு படி முறையை அப்படியே எளிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம்.

பிரச்சினை என்ன, எங்கே, எப்போது நடந்தது? ஏன் நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதற்கு என்ன செய்தீர்கள்? அதன் பிறகு என்ன மாறியது, அது உங்களால்தான் மாறியது என்று ஏன் நம்புகிறீர்கள்?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். ஆனால் நல்ல வேலையையும் சும்மா பரபரப்பாக இருந்ததையும் பிரித்துக் காட்டுவது அதுதான். இங்கிலாந்தில் ராச்டேல் அருகே கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் நடுவில் நடந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். விவரங்களைத் தோண்டிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒரு முறை திருட்டுப் போன வீட்டிலேயே மறுபடியும் திருடுகிறார்கள். நாணயம் போட்டு எரிவாயுவும் மின்சாரமும் பெறும் மீட்டர்கள் வீட்டுக்குள் இருந்ததால், அதிலிருந்த காசுதான் திருடர்களை இழுத்தது. ஆகவே அந்த மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டுப் போன வீட்டுக்குப் பூட்டைப் பலப்படுத்தி, அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. குடியிருப்பு முழுவதும் எல்லோரையும் எப்போதும் விழிப்பாக இருக்கச் சொல்லிப் பயனில்லை. எங்கே, யாருக்கு மறுபடி நடக்கும் என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் உழைத்ததுதான் பலன் தந்தது.

படிவம் நிரப்புபவருக்கு ஒரு மாதிரிப் பதிலையும் இணைத்துக் கொடுங்கள். கற்பனையான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நூலகத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் திருட்டு நடக்கிறது, நூலகப் பணியாளர் ஒருவர் அதைக் குறைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக வரும் பரிந்துரை இப்படி இருக்கும்: 'இவர் சைக்கிள் திருட்டை ஒழிக்க அயராது பாடுபட்டார். இவரது விழிப்புணர்வுப் பணியால் இன்று அனைவரும் நிம்மதியாக இருக்கிறோம்.'

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆறு மாதத்தில் 14 சைக்கிள்கள் காணாமல் போயின. இவர் ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், பூட்டின் வகை மூன்றையும் நோட்டில் குறித்தார். 11 திருட்டுகள் மாலை ஆறிலிருந்து ஏழுக்குள், காவலர் பணி மாறும் நேரத்தில் நடந்தன. ஒன்பதில் பூட்டு சக்கரத்தில் மட்டும் போடப்பட்டிருந்தது. நிறுத்துமிடத்தைக் கட்டடத்தின் பின்புறத்திலிருந்து வாசிப்பறை ஜன்னலுக்கு எதிரே மாற்றச் செய்தார். முதல் காவலர் அடுத்தவர் வந்த பிறகே கிளம்புவதாக ஏற்பாடு செய்தார். சைக்கிளின் சட்டகத்தோடு சேர்த்துப் பூட்டுவது எப்படி என்று படம் வரைந்து ஒட்டினார். அடுத்த ஆறு மாதத்தில் காணாமல் போனவை 3. அருகிலுள்ள விளையாட்டு மைதான நிறுத்துமிடத்தில் திருட்டு கூடவில்லை என்று அங்குள்ள பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.'

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. ஆனால் அதைப் படிக்கும் இன்னொரு நூலகம் நாளைக்கே அப்படியே செய்துவிடலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ, தொலைபேசியில் கேட்டு எழுதித் தரும் ஒரு தன்னார்வலரையும் ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் விருது நல்ல வேலைக்குப் போகாமல் நல்ல எழுத்துக்குப் போய்விடும்.

பலனைச் சரிபார்ப்பது

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே வலிக்கும் உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க 1939இல் கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டம் தொடங்கியது. 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், படிப்புக்கு உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் சில வருடங்களுக்குக் கிடைத்தன. மீதிப் பேர் அப்படியே விடப்பட்டார்கள். சுமார் முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த இரு தரப்பினரையும் தேடிக் கண்டுபிடித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலானோர் 'அது எனக்கு நன்மை செய்தது' என்றே சொன்னார்கள். ஆனால் பதிவுகளைப் பார்த்தால், பல விஷயங்களில் உதவி பெறாதவர்களைவிட அவர்கள்தான் மோசமாக இருந்தார்கள்.

சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப் போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' திட்டம் 1970களில் அமெரிக்காவில் பெரும் பாராட்டைப் பெற்றது. பின்னாளில் ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அதில் கலந்துகொண்ட சிறுவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டது தெரிந்தது. பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோகும் திட்டம், பங்கேற்றவர்களுக்குக் கெடுதல் செய்திருக்கிறது. விருதுக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சின்ன அமைப்பால் பெரிய ஆய்வு நடத்த முடியாதுதான். ஆனால் சில கேள்விகளை யாரும் கேட்கலாம். ஒரே ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகு குறைந்ததா, அல்லது நீண்ட நாள் அதிகமாக இருந்து குறைந்ததா? ஒரு மாதம் மட்டும் எகிறிய எண்ணிக்கை, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே இறங்கும். ஆகவே முன்பு ஒரு வருடம், பின்பு ஒரு வருடம் என்று கேளுங்கள், அதே மாதங்களை அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். பக்கத்துப் பகுதிக்குக் குற்றம் இடம் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். எப்போதும் அப்படி நகர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓரிடத்தில் செய்த வேலையால் அக்கம்பக்கமும் சேர்ந்து பயனடைந்ததை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அப்புறம், எண்ணிக்கை கூடுவது எல்லா நேரமும் தோல்வி இல்லை. குடும்ப வன்முறை, சிறுவர் மீதான அத்துமீறல், இணைய மோசடி போன்றவற்றில் பயந்து மறைத்தவர்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கினால் புகார்கள் கூடும். அதுவே நல்ல வேலைக்கு அடையாளமாக இருக்கலாம். அங்கே வேறு அளவுகோல் வேண்டும்: உதவி கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு சீக்கிரம் உதவி கிடைத்தது, அதே ஆள் மறுபடி பாதிக்கப்பட்டாரா. நேரில் போய்ப் பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இறுதிச் சுற்றுக்கு வந்த இடங்களுக்கு நடுவர் இருவர் போய், அமைப்பாளர்கள் இல்லாத நேரத்தில் அங்கே வசிப்பவர்களிடம் அரை மணி நேரம் பேசினால், படிவத்தில் இல்லாத பலதும் தெரியவரும்.

நடுவர் குழு

ஐந்து பேர் போதும். ஒற்றைப்படையாக இருக்கட்டும். காவல்துறை அனுபவம் உள்ளவர் ஒருவர், புள்ளிவிவரத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், சமூகப் பணி செய்பவர் ஒருவர், குற்றத்தால் பாதிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர் ஒருவர், முப்பது வயதுக்குக் கீழ் ஒருவர் என்று அமைத்தால் பேச்சு ஒரே பக்கமாகச் சாயாது. நிதி கொடுப்பவரையும் சங்கத் தலைவரையும் நடுவராக்காதீர்கள்.

விண்ணப்பித்தவர்களில் யாரோடு உறவு, நட்பு, தொழில், பகை இருக்கிறது என்று ஒவ்வொரு நடுவரும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். எல்லோரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடித்த பிறகே கூடிப் பேசுங்கள். முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களை இழுத்துக்கொண்டு போவதை இது தடுக்கும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு, நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைக் கண்டறிந்ததற்கும் பலனுக்கும் போகட்டும். தகுதியான வேலை வரவில்லை என்றால் அந்தப் பிரிவில் விருது இல்லை என்று அறிவிக்கும் உரிமையும் குழுவுக்கு வேண்டும்.

விருது பெறுபவருக்கு ஆபத்து வரக்கூடாது

மற்ற விருதுகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். சிறந்த ஆசிரியர் விருது பெற்றவரைத் தேடி யாரும் பழிவாங்க வரமாட்டார்கள். போதைப்பொருள் விற்பனையைப் பற்றித் தகவல் கொடுத்த பெண்ணின் புகைப்படம் பேனரில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பெயரை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பெயர் வெளியே வரலாமா, படம் வரலாமா, வேலை செய்யும் இடம் வரலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். பெயர் சொல்ல விரும்பாதவருக்கு, அவர் சேர்ந்திருக்கும் குழுவின் பெயரில் கொடுக்கலாம், அல்லது தனியாகச் சந்தித்துக் கொடுக்கலாம். முகவரி, பிள்ளைகளின் பள்ளி, தினமும் வந்துபோகும் நேரம் போன்றவை அறிமுக உரையில் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. 'தினமும் இரவு பத்து மணிக்குத் தனியாக இந்தப் பாதையில் நடந்து செல்பவர்' என்று பாராட்டாகச் சொன்னாலும், அது அவருடைய நடமாட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான்.

பாதிக்கப்பட்டவர்களின் விவரம் அதைவிட முக்கியம். விருதுக்காக எழுதும் கதையில் அவர்கள் யார் என்று ஊகிக்கக்கூட முடியக்கூடாது. சின்ன ஊரில் 'பன்னிரண்டு வயது சிறுமி, தந்தை இல்லாதவர்' என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். திருந்தி வாழும் இளைஞரை மேடையேற்றி அவருடைய பழைய குற்றத்தைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கும் பழக்கத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள். இன்று அவரே சம்மதித்தாலும், நாளை வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்த வீடியோ அவருக்கு முன்னால் போய் நிற்கும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கோடு தொடர்புடைய வேலை என்றால், தீர்ப்பு வரும்வரை அந்த விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைப்பதே எல்லோருக்கும் நல்லது.

விண்ணப்பித்தவர் மேல் ஏதாவது கடுமையான புகார் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் விஷயத்தில். சரிபார்ப்போம் என்பதைப் படிவத்திலேயே சொல்லி, சம்மதம் வாங்கிவிடுங்கள். பிற்பாடு பெரிய தவறு தெரியவந்தால் விருதைத் திரும்பப் பெறும் விதி ஒன்றும் இருக்கட்டும்.

பரிசும் விழாவும்

பணம் இருந்தால் அதைத் தனிநபர் கையில் கொடுப்பதைவிட, அந்த வேலை தொடரக் கொடுப்பது நல்லது: விளக்குகள், பயிற்சிச் செலவு, நோட்டீஸ் அச்சடிப்பு என்று எதற்குச் செலவு செய்யப் போகிறார்கள் என்று அவர்களே எழுதித் தரட்டும். பணம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். என்ன செய்தார் என்று துல்லியமாக எழுதப்பட்ட ஒரு சான்றிதழ், பெயர் மட்டும் பொறித்த பெரிய கேடயத்தைவிட மேல்.

குழு வேலைக்குத் தலைவரை மட்டும் மேடைக்கு அழைக்காதீர்கள். பாஸ்டன் நகரில் 1996இல் தொடங்கி, இளைஞர் கொலைகளைப் பெருமளவு குறைத்த 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' என்ற திட்டம் 1998இல் கோல்ட்ஸ்டீன் விருது பெற்றது. அதில் காவல்துறையினர், நன்னடத்தை அதிகாரிகள், தெருவில் இறங்கி இளைஞர்களோடு பேசிய சமூகப் பணியாளர்கள், தேவாலயப் போதகர்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்திருந்தார்கள். இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களைக் கொண்ட கும்பல்களைச் சுற்றியே இளைஞர் கொலைகளில் பாதிக்கு மேல் நடக்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த இளைஞர்களிடம் நேரே போய்ப் பேசியவர்கள் வேறு ஆட்கள். ஒருவரை மட்டும் நாயகராக்கினால் அடுத்த நாளே குழுவில் விரிசல் விழும். பின்னணியில் கணக்கு எழுதியவரையும், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவரையும் பெயர் சொல்லுங்கள்.

விழாவை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம். சிறப்பு விருந்தினரின் பேச்சுக்குப் பத்து நிமிடம், விருது பெற்றவர்கள் தாங்கள் செய்ததை விளக்க ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

விழா முடிந்த பிறகு

விருது கிடைக்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். 'பங்கேற்றதற்கு நன்றி' என்ற ஒரு வரி போதாது. நடுவர்களுக்கு எது பிடித்திருந்தது, எந்த விவரம் இல்லாததால் தீர்மானிக்க முடியவில்லை, அடுத்த முறை எதைக் குறித்து வைத்தால் உதவும் என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கணக்கு எழுதத் தொடங்கும் குழுக்கள் அடுத்த வருடம் பலமான விண்ணப்பத்தோடு வரும்.

விருது பெற்ற ஒவ்வொரு வேலையையும் இரண்டு பக்கத்தில், அதே நான்கு கேள்விகளின் வரிசையில் எழுதி எல்லோருக்கும் கிடைக்கும்படி வையுங்கள். எது சரியாக வரவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். கோல்ட்ஸ்டீன், டில்லி விருதுகளுக்கு வந்த விண்ணப்பங்கள் இப்படிப் பொதுவில் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதால்தான், வேறு நாடுகளில் இருப்பவர்களும் இன்றும் அவற்றை எடுத்துப் படித்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி போய், அதே எண்ணிக்கைகளை மறுபடி வாங்குங்கள். விளக்கு எரிகிறதா, குழு கூடுகிறதா, குறைந்த குற்றம் குறைந்தே இருக்கிறதா என்று பார்த்து, அந்த இரண்டு பக்கத்தின் கீழே தேதியோடு சேர்த்துவிடுங்கள். குற்றம் மறுபடி கூடியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த சுற்றுக்கான அறிவிப்பை இந்தக் குறிப்புகள் கையில் வந்த பிறகே தயாரியுங்கள். மதிப்பெண்ணில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவற்றிலிருந்தே தெரிந்துவிடும்.